பென்சில்வேனியா மாநில செனட்டரின் வாராந்திர மடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவின் மாநில செனட்டர்கள் பலர் தங்கள் தொகுதி மக்களுக்கு வாரந்தோறும் மின்னஞ்சல் மடல் அனுப்புகிறார்கள். சாலை, வீடு, வானிலை பற்றிய எச்சரிக்கைகள், அவையில் நகர்ந்த மசோதாக்கள், தொகுதியின் பழைய வரலாறு ஆகிய மூன்றும் அதில் கலந்து வரும். பிட்ஸ்பர்க், பிலடெல்பியா, ஹாரிஸ்பர்க் சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலர் இதை அரசியல் விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமலே அழித்துவிடுகிறார்கள். அபராதம், மானியம், காலக்கெடு என்று குடும்பத்தை நேரடியாகத் தொடும் விஷயங்கள் அதில் இருக்கின்றன. படிப்பதற்குக் கொஞ்சம் பின்னணி தெரிந்தால் போதும்.

மடல் அனுப்புகிறவர் வாஷிங்டனில் இருக்கும் செனட்டரா?

இல்லை, இவர் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்கில் இருக்கும் மாநில செனட்டர். வாஷிங்டன் செனட்டர்கள் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து இரண்டே பேர், பதவிக்காலம் 6 ஆண்டு. மாநில செனட்டில் 50 பேர், பதவிக்காலம் 4 ஆண்டு. ஒருவர் ஏறத்தாழ 2,60,000 பேருக்குப் பிரதிநிதி. இரட்டைப்படை எண் கொண்ட தொகுதிகளுக்கு ஆளுநர் தேர்தல் ஆண்டிலும், ஒற்றைப்படைத் தொகுதிகளுக்கு அதிபர் தேர்தல் ஆண்டிலும் தேர்தல் வரும். இவர்களோடு 203 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையும் (கீழவை) உண்டு. அவர்களுக்குப் பதவிக்காலம் 2 ஆண்டுதான்.

இந்த வேறுபாடு தெரியாமல் தவறான கதவைத் தட்டி வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. விசா, கிரீன் கார்டு, பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், மத்திய வருமான வரி எல்லாம் வாஷிங்டன் பக்கம். அதற்கு அங்குள்ள செனட்டரையோ உங்கள் காங்கிரஸ் உறுப்பினரையோ அணுக வேண்டும். அவர்கள் உங்கள் கோப்பைப் பற்றி விசாரிக்க உங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் கேட்பார்கள். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, பிறப்பு இறப்புச் சான்றிதழ், வேலையின்மைப் படி, மாநில நெடுஞ்சாலை, மாநில வரி ஆகியவை ஹாரிஸ்பர்க் பக்கம். வீட்டு வரி மதிப்பீடு கவுண்டியிடமும், தெருவிளக்கும் உள்ளூர்ச் சாலையும் டவுன்ஷிப்பிடமும் இருக்கின்றன.

நான் குடியுரிமை பெறாதவன். செனட்டர் அலுவலகத்தை அணுகலாமா?

தாராளமாக. தொகுதி எல்லைகள் மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரையப்படுகின்றன, அந்தக் கணக்கில் விசாவில் இருப்பவர்களும் அடக்கம். தொகுதி அலுவலகம் கேட்பது முகவரியைத்தான். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. குடியுரிமை இல்லாதவர்கள் வாக்காளராகப் பதிவு செய்யக்கூடாது. ஓட்டுநர் உரிம மையத்தில் 2023 செப்டம்பரிலிருந்து வாக்காளர் பதிவு, உரிமப் பணியோடு சேர்ந்தே நடக்கிறது. திரையில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் நின்று படித்துப் பதில் கொடுங்கள். அங்கே தவறாகப் பதிவானால் பின்னாளில் குடியேற்ற மனுவில் பெரிய சிக்கலாகும்.

"மசோதா செனட்டில் நிறைவேறியது" என்று மடல் சொல்கிறது. சட்டமாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. மடல்களில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வரி இதுதான்.

முதலில் ஓர் உறுப்பினர், "இப்படி ஒரு மசோதா கொண்டுவரப் போகிறேன், சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சக உறுப்பினர்களுக்குக் குறிப்பு அனுப்புவார். அந்தக் கட்டத்தில் மசோதாவே கிடையாது. பிறகு எண் கொடுக்கப்பட்டு ஒரு குழுவுக்குப் போகும். குழு ஒப்புக்கொண்டு வெளியே அனுப்பினால் அவையில் மூன்று வெவ்வேறு நாட்களில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். இது மாநில அரசியலமைப்பின் நிபந்தனை. ஒரே நாளில் அவசரமாக நிறைவேற்றிவிட முடியாது. செனட்டில் தேறுவதற்கு 26 வாக்கு வேண்டும். வந்திருப்பவர்களில் பாதி என்று இல்லை, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல். அதன்பின் பிரதிநிதிகள் அவையில் மறுபடி குழு, மறுபடி மூன்று நாள், அங்கே 102 வாக்கு. அங்கே ஒரு சொல்லை மாற்றினாலும் திரும்ப செனட்டுக்கு வந்து ஒப்புதல் பெற வேண்டும்.

இரு அவையிலும் ஒரே வாசகம் தேறியபின் ஆளுநரிடம் போகும். அவருக்கு 10 நாள். அவை கலைந்துவிட்ட நேரமென்றால் 30 நாள். கையெழுத்திடாமல் அப்படியே விட்டாலும் காலக்கெடு முடிந்ததும் சட்டமாகிவிடும். அவர் மறுத்தால் அதை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது செனட்டில் 34, கீழவையில் 136.

எனவே மடலில் வினைச்சொல்லைப் பாருங்கள். "அறிமுகப்படுத்தினார்", "குழுவில் தேறியது", "செனட்டில் தேறியது", "கீழவைக்குச் செல்கிறது", "ஆளுநர் கையெழுத்திட்டார்" என்ற ஐந்தும் ஐந்து வேறு நிலை. கடைசி ஒன்றுக்குத்தான் "ஆக்ட்" எண் கிடைக்கும். அந்த எண் மடலில் இல்லையென்றால் உங்கள் வாழ்க்கையில் இன்னும் எதுவும் மாறவில்லை.

மசோதாவை நானே படித்துப் பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். மாநிலச் சட்டமன்ற இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் போதும். செனட் மசோதா எஸ்.பி. என்றும் கீழவை மசோதா எச்.பி. என்றும் தொடங்கும். கூடவே கூட்டத்தொடர் ஆண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு ஒற்றைப்படை ஆண்டிலும் புதுத்தொடர் தொடங்கி எண்கள் மறுபடி 1-லிருந்து ஓடும். 2023-24 தொடரின் எஸ்.பி. 37-க்கும் 2025-26 தொடரின் எஸ்.பி. 37-க்கும் சம்பந்தமே கிடையாது.

மசோதாவின் தலைப்பில் "பிரின்டர்ஸ் நம்பர்" என்று இன்னொரு எண் இருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மசோதா மறுபடி அச்சாகும்போது இது மாறும். பழைய அச்சைப் படித்துவிட்டு வாதாடுவது வழக்கமாக நடக்கும் தவறு. பட்டியலில் கடைசி எண்ணைத் திறவுங்கள். பிறகு மசோதாவின் கடைசிப் பத்திக்குப் போய் அமலுக்கு வரும் நாளைப் பாருங்கள். நாள் குறிப்பிடாத சட்டம் பொதுவாக 60 நாளில் அமலாகும்.

அதே பக்கத்தில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியலும் உண்டு. மடலை எழுதுவது செனட்டரின் அலுவலகம், தனக்குச் சாதகமானதைத்தான் முன்னால் வைக்கும். எதிர்த்து வாக்களித்ததையும் எதிர்ப்புக்கான காரணத்தையும் நீங்களே தேடினால்தான் முழுப்படம் கிடைக்கும்.

கையெழுத்தான சட்டம் எப்போது என்னைத் தொடும்? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

பால் மில்லர் சட்டம் நல்ல உதாரணம். வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிக்கக் கூடாது என்ற சட்டம் இது. 2010-இல் மன்ரோ கவுண்டியில் நடந்த விபத்தில் பால் மில்லர் என்ற இளைஞர் இறந்தார். எதிரே வந்த லாரி ஓட்டுநர் கைபேசியை எடுக்கக் கை நீட்டியதுதான் காரணம். மில்லரின் பெற்றோர் பத்தாண்டுக்கும் மேல் ஹாரிஸ்பர்குக்கு நடையாய் நடந்தார்கள். மசோதா 2024 ஜூன் 5 அன்று கையெழுத்தாகி அந்த ஆண்டின் 18-ஆவது சட்டமானது. அமலுக்கு வந்தது 2025 ஜூன் 5. முதல் பன்னிரண்டு மாதம் எழுத்துபூர்வ எச்சரிக்கை மட்டும். 2026 ஜூனிலிருந்து 50 டாலர் அபராதம், அதோடு நீதிமன்றச் செலவும் பிற கட்டணங்களும் சேரும்.

நம்மவர்கள் அதிகம் தவறுவது சிக்னலில். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும், நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போதும் "ஓட்டுகிறீர்கள்" என்றுதான் கணக்கு. கையில் பிடிப்பது மட்டுமல்ல, தொடையிலோ தோளிலோ தாங்கிக்கொள்வதும், ஒரு பொத்தானுக்கு மேல் அழுத்தி அழைப்பதும், பெல்ட்டோடு உட்கார்ந்த நிலையிலிருந்து எட்டி எடுப்பதும் குற்றம். கைபடாமல் பேசலாம், வழிகாட்டியைக் கேட்கலாம். அவசர உதவிக்கு அழைப்பதற்கு விலக்கு உண்டு. வாட்ஸாப்பில் வந்த குரல்செய்தியைக் கேட்க வேண்டுமென்றால் ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பனிக்காலத்தில் காரின் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதாதா?

போதாது. 2022-ஆம் ஆண்டின் 90-ஆவது சட்டப்படி, பனியோ ஐஸோ பொழிவது நின்ற 24 மணி நேரத்துக்குள் வண்டியின் கூரை உட்பட எல்லாப் பக்கமும் சுத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 50 டாலர். பறந்து விழும் ஐஸ் யாரையாவது கொன்றாலோ பலத்த காயப்படுத்தினாலோ அபராதம் 200 முதல் 1,500 டாலர் வரை.

இதற்குக் கிறிஸ்டீன் சட்டம் என்று பெயர். 2005 கிறிஸ்துமஸ் அன்று நார்தாம்ப்டன் கவுண்டியில், எதிரே போன லாரியின் கூரையிலிருந்து கழன்ற ஐஸ் பாளம் காரின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து ஒரு பெண்ணின் உயிரைப் பறித்தது. பழைய சட்டத்தில் ஐஸ் விழுந்து யாருக்காவது அடிபட்ட பிறகுதான் போலீஸ் கேட்க முடியும். இப்போது விழுவதற்கு முன்பே நிறுத்தலாம். அந்த ஒரு மாற்றத்துக்கு 17 ஆண்டு ஆனது.

உயரமான எஸ்யூவி வைத்திருப்பவர்கள் நீண்ட கைப்பிடியுள்ள நுரைத் தள்ளி ஒன்றை வாங்கி வாசலிலேயே வையுங்கள். முனையில் உலோகம் இருந்தால் பெயின்ட் கீறும். கூரைப் பனி இளகியபின் இரவு உறைந்தால் அதுதான் பாளமாகிறது, எனவே அன்றைக்கே தள்ளிவிடுவது எளிது.

சாலை அபராதங்களில் வேறு எவற்றை மறக்கக் கூடாது?

ஓரமாக விளக்கு எரிய ஆம்புலன்ஸோ போலீஸோ இழுவை வண்டியோ நின்றால், அதற்கு ஒட்டிய லேனை விட்டு நகர வேண்டும். நகர முடியாவிட்டால் அறிவிக்கப்பட்ட வேகத்தைவிட மணிக்கு 20 மைலாவது குறைக்க வேண்டும். முதல் தவறுக்கு 500 டாலர், இரண்டாவதற்கு 1,000, மூன்றாவதற்கு 2,000-மும் 90 நாள் உரிம முடக்கமும்.

பள்ளிப் பேருந்தின் சிவப்பு விளக்கு சிமிட்டி, நிறுத்தும் கை நீண்டிருந்தால் குறைந்தது 10 அடி தள்ளி நில்லுங்கள். எதிர்த்திசையில் வருபவர்களும் நிற்க வேண்டும். நடுவே தடுப்புச்சுவர் போன்ற பிரிப்பு இருந்தால் மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு. வெறும் மஞ்சள் கோடு பிரிப்பு ஆகாது. மீறினால் 250 டாலர், 5 புள்ளி, 60 நாள் உரிமம் போய்விடும். அறுபது நாள் வண்டியில்லாமல் பென்சில்வேனியாவின் புறநகரில் வேலைக்குப் போவது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் வீட்டுப் பக்கத்துச் சாலையில் பெரிய பள்ளம். செனட்டர் அலுவலகம் உதவுமா?

மாநிலச் சாலையாக இருந்தால் உதவும். சாலையோரம் முழங்கால் உயரத்தில் சிறிய வெள்ளைப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே நான்கு இலக்கச் சாலை எண், கீழே பகுதி எண் இருக்கும். சுமார் அரை மைலுக்கு ஒன்று. அந்த இரண்டு எண்ணையும், எந்தத் திசை லேன் என்பதையும் புகாரில் எழுதுங்கள். "பெரிய மளிகைக் கடை தாண்டி" என்று எழுதினால் கோப்பு சுற்றிச் சுற்றி வரும். பலகையே இல்லையென்றால் அது பெரும்பாலும் டவுன்ஷிப் சாலை, புகாரும் அங்கேதான்.

மின்தடை எச்சரிக்கையில் ஜெனரேட்டர் பற்றி ஏன் ஒவ்வொரு முறையும் எழுதுகிறார்கள்?

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது என்பதால். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைபோக்கி சன்னலுக்கும் கதவுக்கும் எதிர்ப்பக்கம் பார்த்தபடி வைக்க வேண்டும். காரேஜில் கதவைத் திறந்துவைத்து ஓட்டினாலும் வாயு வீட்டுக்குள் தேங்கும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் அதே ஆபத்து. படுக்கையறைக்கு வெளியே அலாரம் வையுங்கள், மாதம் ஒருமுறை அழுத்திச் சோதியுங்கள். தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் வெளியேறி, பிறகு 911.

பாதுகாப்பு, சட்டம் எல்லாம் சரி. பழைய சுரங்க விபத்து, வெள்ளம் என்று வரலாறு எதற்கு?

மற்ற இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. மடலில் முதலில் படிக்க வேண்டியதே இந்தப் பகுதிதான் என்பது எங்கள் கருத்து.

1869 செப்டம்பர் 6, லூசர்ன் கவுண்டியின் பிளிமத் அருகே ஏவன்டேல் நிலக்கரிச் சுரங்கம். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் ஒரே ஒரு குழிவழி. அதன் வாயின் மேலேயே நிலக்கரி உடைக்கும் மரக்கட்டடம். கீழே காற்றை இழுக்க எரியும் உலை. குழிவழியின் மரச்சட்டத்தில் தீப்பிடித்து மேலேயுள்ள கட்டடமும் எரிந்து விழுந்தது. வேறு வாசல் இல்லாததால் உள்ளே இருந்தவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். மீட்கப் போன இருவரையும் சேர்த்து 110 பேர்.

மசோதா படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விவரம் ஒன்று இதில் உண்டு. அதே ஆண்டு சுரங்கப் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. ஆனால் அது ஸ்கூல்கில் கவுண்டிக்கு மட்டும். ஏவன்டேல் இருந்த லூசர்ன் கவுண்டிக்குப் பொருந்தாது. விபத்துக்குப் பிறகு 1870 மார்ச்சில் வந்த புதுச் சட்டம், ஆந்த்ரசைட் என்னும் கடின நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரண்டு வெளிவழி, காற்றோட்டம், சுரங்க வரைபடம், அரசு ஆய்வாளர்கள் என்று கட்டாயமாக்கியது. இன்றைக்கும் ஒரு மசோதாவைப் படிக்கும்போது "இது எந்தக் கவுண்டிக்கு, எந்த வகை நகராட்சிக்குப் பொருந்தும்" என்று வரையறைப் பகுதியில் பாருங்கள். "முதல் வகுப்பு நகரம்" என்று இருந்தால் அது பிலடெல்பியாவை மட்டும் குறிக்கும்.

ஜான்ஸ்டவுன் இன்னொரு பாடம். 1889 மே 31 அன்று நகரத்துக்கு 14 மைல் மேலே இருந்த சவுத் ஃபோர்க் அணை உடைந்து 2,209 பேர் இறந்தார்கள். அணை ஒரு செல்வந்தர் கிளப்பின் கையில் இருந்தது. நீரை வெளியேற்றும் குழாய்கள் முன்பே கழற்றப்பட்டு மறுபடி போடப்படவில்லை. மீன் தப்பாமல் இருக்க உபரிநீர் வழியில் வலை அடித்திருந்தார்கள், அதில் குப்பை அடைத்துக்கொண்டது. கிளப்பின் மீது எந்தப் பொறுப்பும் சட்டப்படி விழவில்லை. 1977 ஜூலையில் அதே பகுதியில் மறுபடி வெள்ளம், லாரல் ரன் அணை உடைந்து மீண்டும் உயிர்ச்சேதம். அடுத்த ஆண்டே அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உடைந்தால் உயிர்ச்சேதம் உண்டாக்கக்கூடிய அணைகளின் உரிமையாளர்கள் அவசரகாலத் திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும். உங்கள் வீடு அப்படி ஓர் அணைக்குக் கீழே இருந்தால், வெள்ளம் எவ்வளவு நேரத்தில் வரும், எந்தச் சாலை முழுகும் என்பதைக் கவுண்டி அவசரகால மேலாண்மை அலுவலகத்தில் கேட்கலாம்.

ஊர் வரலாற்றை எங்கே தெரிந்துகொள்வது?

சாலையோரம் நீல நிறத்தில் மஞ்சள் எழுத்தோடு நிற்கும் உலோகப் பலகைகளிலிருந்து தொடங்கலாம். மாநில வரலாற்று, அருங்காட்சியக ஆணையம் நிறுத்தியவை, மாநிலம் முழுக்க 2,500-க்கு மேல். புதுப் பலகைக்கு யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். ஆதாரம் வலுவாக இருக்க வேண்டும், சம்பவம் ஊர் அளவைத் தாண்டி மாநில அளவில் முக்கியமாக இருக்க வேண்டும்.

வீட்டு வரி, வாடகைத் தள்ளுபடி என்று வருகிறதே, யாருக்கு?

65 வயதானவர்கள், கணவனையோ மனைவியையோ இழந்த, 50 வயது கடந்தவர்கள், 18 கடந்த மாற்றுத்திறனாளிகள். 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு வருமான வரம்பு 45,000 டாலரானது, அதன்பின் விலைவாசியோடு உயர்கிறது. அதிகபட்சத் தள்ளுபடி 650-லிருந்து 1,000 டாலரானது. சோஷியல் செக்யூரிட்டியில் பாதியைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. இதை அறியாமல் "நமக்குக் கிடைக்காது" என்று விட்டவர்கள் உண்டு. படிவத்தின் பெயர் பி.ஏ.-1000. செனட்டர் அலுவலகத்தில் இலவசமாக நிரப்பித் தருவார்கள், கட்டணம் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. போன ஆண்டின் வரி ரசீது அல்லது வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட வாடகைச் சான்று, வருமான ஆவணம், வயதுச் சான்று கொண்டுபோங்கள்.

டோல் கட்டணம் பாக்கி என்று குறுஞ்செய்தி வந்தது. நம்பலாமா?

அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். மாநிலச் சுங்கச்சாலையான டர்ன்பைக்கின் பெயரில் வரும் இந்த மோசடியை மடல்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன. பாக்கி உண்டா என்று பார்க்க அதிகாரபூர்வச் செயலியையோ இணையதளத்தையோ நீங்களாகத் திறவுங்கள்.

தோட்டத்தில் குழி தோண்டுவதற்கும் சட்டமா?

ஆம். வேலி நட, மரம் வைக்க என்றாலும் தோண்டுவதற்குக் குறைந்தது 3, அதிகபட்சம் 10 வேலை நாட்களுக்கு முன் 811-ஐ அழைக்க வேண்டும். எரிவாயு, மின்கம்பி, குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு மசோதா பற்றி என் கருத்தைச் சொல்ல வேண்டும். எப்படி எழுதினால் படிப்பார்கள்?

முதல் வரியிலேயே தொகுதிக்குள் இருக்கும் உங்கள் முகவரியும் மசோதா எண்ணும் இருக்கட்டும். முகவரி இல்லாத கடிதம் வேறு தொகுதிக்காரர் எழுதியதாகக் கருதப்பட்டு ஒதுங்கும். ஒரு கடிதத்தில் ஒரு மசோதா போதும். ஆதரவா, எதிர்ப்பா என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டிலோ தொழிலிலோ அது என்ன செய்யும் என்று இரண்டு பத்தியில் எழுதுங்கள். பல பேர் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பினால் அலுவலகம் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளும். சொந்த வார்த்தையில் எழுதிய ஒன்று குழுக் கூட்டத்தில் மேற்கோளாகவே வரக்கூடும்.

நேரம் முக்கியம். மசோதா குழுவில் இருக்கும்போது குழுத் தலைவருக்கும் நகல் போடுங்கள். எதை எடுப்பது, எதைக் கிடப்பில் போடுவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவர்தான். இரட்டைப்படை ஆண்டின் நவம்பர் 30 அன்று தொடர் முடிந்ததும் நிறைவேறாத மசோதாக்கள் எல்லாம் செத்துவிடும். ஆகவே அந்த ஆண்டின் அக்டோபரில் எழுதினால் தாமதம், வசந்த காலத்திலேயே எழுதுங்கள். ஜூன் மாதம் முழுக்க வரவுசெலவு வேலையில் போகும். நிதியாண்டு ஜூலை 1 தொடங்குகிறது. 2025-இல் அந்தக் கெடு தாண்டி நவம்பர் 12-இல்தான் வரவுசெலவு கையெழுத்தானது. அப்படி இழுக்கும் ஆண்டுகளில் மற்ற மசோதாக்களும் சேர்ந்தே தேங்கும். மசோதா மறுதொடரில் திரும்ப வந்தால் எண் புதிதாக இருக்கும், கடிதத்தையும் புது எண்ணோடு மறுபடி அனுப்ப வேண்டும்.